98,000 கிலோமீட்டர் ஓடிய காருக்கு ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றலாமா?

2023 நவம்பர் 4, சனி, இரவு 9:40

எங்களுடையது 2012ஆம் ஆண்டு வாங்கிய, 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் செடான். ஓடியது 98,000 கிலோமீட்டர். ஒரு மாதமாகச் சிக்னலில் ஏசி ஓடும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. மேம்பாலம் ஏறும்போது வண்டி ஒரு கணம் தயங்கிப் பிறகு இழுக்கிறது. சென்ற வாரம் எஞ்சின் விளக்கு எரிந்து, இரண்டு நாளில் தானே அணைந்துவிட்டது. சர்வீஸ் நிலையத்தில், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் நான்கு பிளக்குகளையும், அவற்றுக்கு உயர் மின்னழுத்தம் தரும் நான்கு காயில்களையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காயில் எதற்கு என்று கேட்டதற்கு, “இவ்வளவு ஓடின வண்டிக்கு எல்லாம் சேர்த்துதான் சார் மாத்துவோம்” என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை.

கையேடு 1,00,000 கிலோமீட்டரில் பிளக் மாற்றச் சொல்கிறது. ஆகவே பிளக் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. இணையத்தில் இங்கே உங்களிடம் நான் கேட்பது, இதை வீட்டு வாசலில் வைத்து நானே செய்யலாமா என்பதுதான். என் அப்பா தம் பிரீமியர் பத்மினியின் பிளக்குகளை ஞாயிற்றுக்கிழமைகளில் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, மறுபடி மாட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்த எஞ்சினில் பிளக் கண்ணுக்குத் தெரிந்தது. இதில் பிளாஸ்டிக் மூடி, அதற்குக் கீழே காயில், அதற்கும் கீழே ஒரு சாண் ஆழக் குழியின் அடியில் பிளக் இருக்கிறது. குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் செய்யலாமா, பிளக் திருகி நிற்கும் ஹெட் (சிலிண்டர்களின் மேல்பகுதி) அலுமினியம் என்பதால் மரை கெட்டுப்போகுமா என்ற இரண்டும்தான் என்னைத் தயங்க வைக்கின்றன.

2023 நவம்பர் 5, ஞாயிறு, காலை 11:15

எதையும் கழற்றுவதற்கு முன், எஞ்சினின் கணினி பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டைப் படித்துப் பார்க்கும்படி என் கேள்விக்குப் பதிலாக இருவர் எழுதியிருந்தார்கள். தெருக்கோடியில் குடியிருக்கும் நண்பரிடம் புளூடூத் ஸ்கேனர் இருந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகிக் கைபேசியில் பார்த்தால் ‘பி0303’ என்று வந்தது. கடைசி எண்தான் சிலிண்டர்: 0301 என்றால் முதல் சிலிண்டர், 0304 என்றால் நான்காவது. 0300 என்று வந்தால் எந்தச் சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாதபடி மாறி மாறி மிஸ்ஸிங் (பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் போவது) நடக்கிறது என்று பொருள். நம் வண்டியில் மூன்றாவது மட்டும்தான் ஒழுங்காக எரியவில்லை.

விளக்கு நிலையாக எரிவதும் விட்டு விட்டு மின்னுவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே பதிந்து வைக்கிறேன். அது மின்னிக்கொண்டிருந்தால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் அங்கே எரிந்து புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் வண்டியை மிதித்து ஓட்டக் கூடாது. கன்வெர்ட்டரின் விலைக்கு முன்னால் பிளக்கின் விலை ஒரு பொருட்டே அல்ல.

2023 நவம்பர் 6, திங்கள், காலை 7:05

அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரத்தில் ஒரு சோதனை செய்தேன். மூன்றாம் சிலிண்டரின் காயிலை முதலாம் சிலிண்டரிலும், முதலாவதன் காயிலை மூன்றாவதிலும் மாட்டி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் அது. குறியீடு 0301 ஆக இடம் மாறினால் குற்றம் காயிலில்; 0303 ஆகவே நின்றால் குற்றம் அங்கேயே இருக்கும் வேறொன்றில். ஒரு 10 மில்லிமீட்டர் சாக்கெட் போதும், செலவு எதுவும் இல்லை.

மூன்றாவது காயிலை உருவியபோது அதன் ரப்பர் உறை எண்ணெயில் நனைந்திருந்தது. மற்ற மூன்றும் உலர்ந்திருந்தன. துடைத்துவிட்டு இடம் மாற்றினேன்.

2023 நவம்பர் 7, செவ்வாய், இரவு 10:20

கிண்டி வரை இரண்டு நாள் போய் வந்தேன். மறுபடியும் 0303. ஆக, காயில் நல்ல காயில்தான். நான்கு காயில்களையும் மாற்றியிருந்தால் புதுக் காயிலும் அதே எண்ணெயில்தான் நின்றிருக்கும். நான் குறை சொல்வது விலையை அல்ல. காரணம் கண்டுபிடிக்காமல் பொருளை மாற்றும் பழக்கத்தைத்தான். வண்டியின் நோய் தெரியாமல் போவதற்கு அதுவே வழி.

2023 நவம்பர் 11, சனி, மாலை 6:30

தீபாவளி நெரிசலோடு, சென்னையில் வாகன உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போய் நான்கு இரிடியம் (முனையில் இரிடியம் உலோகம் வைத்த) பிளக்குகள் வாங்கி வந்தேன். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைப்பதை ஏன் வாங்கவில்லை என்று கேட்டவருக்குப் பதில்: போன வருடம் என் மைத்துனர் பைக்குக்கு அப்படி ஒன்று வாங்கினார். பெட்டியில் அச்சு மங்கல். பிளக்கின் வாஷரை விரலால் சுழற்றினால் மரை வழியே எளிதாகக் கழன்று கையில் வந்துவிட்டது. நல்ல பிளக்கில் வாஷர் அவ்வளவு எளிதில் கழலாது. போலியின் உள்ளே இருக்கும் மின்தடையும் செப்புக் கம்பியும் எப்படி இருக்கும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை வாங்கும் பொருளில் மிச்சம் பிடிக்க நான் விரும்பவில்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் குறியைப் படிக்கத் தெரிந்துகொண்டால் கடைக்காரர் தவறாகக் கொடுத்தாலும் பிடித்துவிடலாம். ஜப்பானியப் பிளக் நிறுவனமான என்.ஜி.கே.யின் பழைய, பரவலான குறி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பி.கே.ஆர்.6.இ-11. ‘பி’ என்பது 14 மில்லிமீட்டர் மரை. ‘கே’ என்பது 16 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம். ‘ஆர்’ என்பது உள்ளே மின்தடை உண்டு என்பது. அது இல்லாவிட்டால் ரேடியோவில் கரகரப்பு வரும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியும் குழம்பலாம். ‘6’ வெப்ப எண். ‘இ’ என்பது மரைப் பகுதியின் நீளம், 19 மில்லிமீட்டர். ‘11’ என்பது முனைகளுக்கு இடையே 1.1 மில்லிமீட்டர் இடைவெளி.

வெப்ப எண்ணில்தான் பலர் தடுமாறுகிறார்கள். என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்தது, அதாவது எரியறையின் சூட்டை விரைவாக ஹெட்டுக்குக் கடத்திவிடும். இன்னொரு பிளக் நிறுவனமான பாஷில் தலைகீழ்: எண் கூடினால் சூடானது. என்.ஜி.கே.யின் 6, டென்சோவில் 20க்கு இணை. “ஒரு நம்பர் கூட்டிப் போட்டால் பிக்கப் வரும்” என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நான் ஏற்கவில்லை. பிளக்கின் முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் அதன் மேல் படியும் கரி தானாக எரிந்து போகும். 850க்கு மேல் போனால் பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூடே பெட்ரோலைப் பற்ற வைக்கத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் முனையை நிறுத்தும் எண்ணைத்தான் எஞ்சினை வடிவமைத்தவர்கள் குறித்திருக்கிறார்கள். பள்ளிக்கும் காய்கறிச் சந்தைக்கும் போய் வரும் குடும்பக் காருக்குக் குளிர்ந்த பிளக் போட்டால் கிடைப்பது கரிதான்.

பெட்டியில் ‘நிட்டெரா’ என்ற பெயரைப் பார்த்துப் போலியோ என்று பயந்தவருக்கு: நகோயாவில் 1936இல் தொடங்கிய அதே என்.ஜி.கே. பிளக் நிறுவனம் 2023இல் தன் பெயரை அப்படி மாற்றிக்கொண்டது. பிளக்கின் மேல் என்.ஜி.கே. என்ற பெயர் அப்படியே தொடர்கிறது.

2023 நவம்பர் 19, ஞாயிறு, பிற்பகல் 1:50

மாற்றிவிட்டேன். காலை 6:30க்குத் தொடங்கி 9 மணிக்கு முடிந்தது; மூன்று பிளக்குகளுக்கு ஒரு மணி நேரம், மூன்றாவது குழிக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம்.

இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினில்தான் கைவைத்தேன். சூட்டில் அலுமினிய ஹெட்டும் இரும்புப் பிளக்கும் ஒரே அளவாக விரிவதில்லை. சூடாக இருக்கும்போது வலிந்து திருகினால் பிளக்கோடு ஹெட்டின் மரையும் சேர்ந்து வரக்கூடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். பிளாஸ்டிக் மூடியை எடுத்ததும் நான்கு காயில்கள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றின் ஒயர் இணைப்பைக் கழற்றுவதுதான் முதல் கண்டம்; பதினோரு வருடச் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் நாக்கு, அவசரப்பட்டு நெம்பினால் ஒடிந்துவிடும். இணைப்பை முதலில் உள்நோக்கி லேசாகத் தள்ளி, பிறகு நாக்கை அழுத்தி இழுத்தால் சத்தமில்லாமல் வருகிறது. ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது.

காயிலை உருவுவதற்கு முன்பும் பின்பும் சைக்கிள் பம்ப்பால் குழியைச் சுற்றி ஊதினேன். பிளக்கைக் கழற்றிய மறுகணம் அந்தக் குழி எரியறையின் வாசல் ஆகிவிடுகிறது. அப்போது ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் சுவரைக் கீறும். இதே காரணத்தால் நான்கையும் ஒன்றாகக் கழற்றி வைக்காமல், ஒன்றைக் கழற்றி, அதே குழியில் புதியதை மாட்டிய பிறகே அடுத்ததற்குப் போனேன்.

மூன்றாவது குழியில் டார்ச் அடித்தபோது பிளக்கின் கழுத்து வரை எண்ணெய் தேங்கியிருந்தது. அதை அப்படியே வைத்துக் கழற்றியிருந்தால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாயை மாட்டி உறிஞ்சினேன். மிச்சத்தை, நீள ஸ்க்ரூடிரைவரில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, துணி காய்ந்து வரும்வரை ஒற்றி எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் போனது இதற்குத்தான்.

பழைய பிளக்குகள் கழலும்போது முதல் கால் சுற்றில் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வந்து, பிறகு இளகின. எங்கேயாவது மறுபடி இறுகினால் நிறுத்திவிட்டு, மரையில் துளி எண்ணெய் விட்டு, அரைச் சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே என்று மெல்லத்தான் கொண்டு வர வேண்டும் என்று அப்பா சொல்வார். நல்லவேளையாக அதற்குத் தேவை வரவில்லை.

மாட்டும்போது ராட்செட்டை நான் தொடவே இல்லை. சாக்கெட்டில் பிளக்கை வைத்து, எக்ஸ்டென்ஷன் கம்பியை இரண்டு விரலால் பிடித்து, முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுழற்றினால் ஓர் இடத்தில் ‘டக்’ என்று இறங்குவது விரலுக்குத் தெரியும். மரையின் வாய் அங்கேதான் இருக்கிறது. அதிலிருந்து வலப்புறமாக விரலாலேயே கடைசி வரை திருகினேன். இரண்டாவது சுற்றிலேயே கைக்குக் கனமாக இருந்தால் மரை குறுக்கே ஏறுகிறது என்று பொருள். உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். விரலுக்கு நம்பிக்கை இல்லாதவர்கள் பிளக்கின் தலையில் ஓர் அடி பெட்ரோல் டியூபைச் செருகி அதைச் சுழற்றலாம். மரை மாறி ஏறினால் டியூப் வழுக்கிவிடும், ஹெட்டுக்கு ஒன்றும் ஆகாது. டார்க் ரெஞ்ச் கடைசி இறுக்கத்துக்கு மட்டும்தான். எங்கள் கையேட்டின்படி 18 நியூட்டன் மீட்டர். மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும், நண்பர் கொடுத்த ஆன்டிசீஸ் பசையை மரையில் லேசாகத் தடவி, நான்கையும் 18க்கு இறுக்கினேன்.

பழைய பிளக்குகளை வரிசை மாறாமல் அட்டையில் குத்தி வைத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றின் முனை வெளிர் மண் நிறம். நன்றாக எரிந்ததற்கு அதுவே அடையாளம். கம்பி அளவியால் அளந்தபோது 1.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 1.5 ஆகத் தேய்ந்திருந்தது. நான்கு பிளக்கிலும் வெள்ளைப் பீங்கான், இரும்பைச் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் இருந்தது; அங்கிருந்து எரியறையின் வாயு கசிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்றாவதில் அதோடு, பீங்கானின் மேலிருந்து கீழ்வரை பென்சிலால் இழுத்ததைப் போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு.

வண்டியைக் கிளப்பியதும் முன்பைவிட மோசமாகத் துள்ளியது. என் வயிறு கலங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் தானே சீரானது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

2023 நவம்பர் 20, திங்கள், இரவு 8:10

நேற்றைய துள்ளலுக்குக் காரணம் பிளக் அல்ல, நான் கழற்றிய பேட்டரிதான். மின்சாரம் போனதும் எஞ்சினின் கணினி தான் கற்று வைத்திருந்த ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும்) அளவை மறந்துவிட்டது. எங்கள் வண்டிக்கு அதைக் கற்றுக் கொடுக்கும் முறை: விளக்கு, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கும்வரை 3,000 சுற்றில் பிடித்து, பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம் விடுவது. செய்தேன், எஞ்சின் சுற்றைக் காட்டும் ஊசி அசையாமல் நின்றது. இந்த வேலைக்குச் சாவியை வெளியே எடுத்து வைத்தாலே போதும். பேட்டரியில் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.

2023 நவம்பர் 22, புதன், இரவு 11:30

முந்தாநாள் பதிவைவிட முக்கியமான திருத்தம் இது. 19ஆம் தேதி எழுதியதைப் பார்த்து யாராவது ஆன்டிசீஸ் தடவத் தொடங்கியிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இன்றைய நல்ல பிளக்குகளின் மரைக்குத் துருவையும் பிடிப்பையும் தடுக்கும் உலோகப் பூச்சு தொழிற்சாலையிலேயே கொடுக்கப்படுகிறது. அவற்றில் பசை தடவ வேண்டாம் என்று என்.ஜி.கே.யே சொல்கிறது. காரணம் எளியது. டார்க் ரெஞ்ச் அளப்பது பிளக் எவ்வளவு இறுகியது என்பதை அல்ல, திருப்புவதற்கு எவ்வளவு வலு தேவைப்பட்டது என்பதை. அந்த வலுவில் பெரும்பகுதி மரையின் உராய்வுக்கே செலவாகிறது. 18 என்ற எண் உலர்ந்த மரையின் உராய்வைக் கணக்கில் வைத்துக் கொடுக்கப்பட்டது. பசை தடவி உராய்வைக் குறைத்துவிட்டால் ரெஞ்ச் 18 என்று ‘கிளிக்’ செய்யும்போது பிளக் அதைவிட மிக அதிகமாக இழுபட்டிருக்கும். பிளக்கின் கழுத்து நீண்டு உள்ளே பீங்கானின் பிடி தளரலாம். மோசமானால் ஹெட்டின் மரையே போய், ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலாக வைக்கும் கம்பிச்சுருள்) வைத்துச் சரிசெய்ய வேண்டிய நிலை வரும். நான் எந்த மரைக்காகப் பயந்து டார்க் ரெஞ்ச் வாங்கினேனோ, அதே மரைக்கு அந்த ரெஞ்ச்சை வைத்தே தீங்கு செய்திருக்கிறேன். ஞாயிறு வரை காத்திருந்து நான்கையும் கழற்றப்போகிறேன்.

2023 நவம்பர் 26, ஞாயிறு, காலை 10:45

கழற்றினேன். நான்கும் சத்தமில்லாமல் வந்தன. மரையில் அலுமினியத் துகள் எதுவும் இல்லை. பிளக்கின் மரையை பிரேக் கிளீனரும் பல்துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு கழுவிக் காயவைத்தேன். ஹெட்டின் மரைக்குப் பஞ்சில்லாத துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே விழாதபடி துடைத்தேன்.

மறுபடி மாட்டும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புதுப் பிளக்கின் வாஷர் நசுங்காதது. விரல் இறுக்கத்துக்குப் பிறகு அதை நசுக்க அரைச் சுற்றுக்குச் சற்று மேல் தேவைப்படும். ஏற்கெனவே நசுங்கிய வாஷருக்குப் பன்னிரண்டில் ஒரு சுற்று, அதாவது 30 பாகை போதும். கடிகாரத்தில் 12லிருந்து 1க்குப் போகும் தூரம். டார்க் ரெஞ்ச் இல்லாமல் செய்யலாமா என்று முதல் நாள் கேட்டிருந்தேன். இந்தக் கோணக் கணக்கு என்.ஜி.கே. பெட்டியின் மேலேயே படமாக அச்சிடப்பட்டிருப்பதை இன்றுதான் கவனித்தேன். வாஷருக்குப் பதிலாகக் கூம்பு வடிவ இருக்கை உள்ள பிளக்குகளுக்கு இந்த அளவு பொருந்தாது. அவற்றுக்குப் பதினாறில் ஒரு சுற்றுதான்.

என் விடை மாறிவிட்டது: ரெஞ்ச் இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் செய்யலாம். விரலால் உணராமல் ரெஞ்ச்சை மட்டும் நம்பிச் செய்யக் கூடாது.

2023 நவம்பர் 27, திங்கள், இரவு 9:00

பழுப்பு வளையத்தைப் பற்றி நான் எழுதியதும் தவறு. அது எரியறை வாயுவின் கசிவு அல்ல. பல்லாயிரம் வோல்ட் பாயும்போது பீங்கானைச் சுற்றியுள்ள காற்று மின்னேற்றம் அடைகிறது; அங்கே மிதக்கும் எண்ணெய்த் துகள்கள் ஈர்க்கப்பட்டுப் பீங்கானில் படிந்து நிறம் மாறுகின்றன. அதற்குக் ‘கரோனாக் கறை’ என்று பெயர். பிளக்குக்குக் கேடு எதுவும் இல்லை. கசிகிறது என்று நினைத்து இன்னும் ஒரு முறை இறுக்குவதுதான் கேடு.

மூன்றாவது பிளக்கின் கறுப்புக் கோடு வேறு. இடைவெளி தேயத் தேயப் பொறி அதைத் தாண்டுவதற்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறது. எண்ணெயில் ஊறிய ரப்பர் உறை பீங்கானை முன்போல் கவ்விப் பிடிப்பதில்லை. 1.5 மில்லிமீட்டரைத் தாண்டுவதைவிடப் பீங்கானின் வெளிப்புறமாக இறங்கி இரும்பைத் தொடுவது மின்சாரத்துக்கு எளிதாகிவிடுகிறது. அப்படி ஒரு முறை இறங்கினால் அந்தத் தடம் கரியாகி, அடுத்த முறைக்கும் அதுவே வழியாகிறது. 0303க்குக் காரணம் அந்தக் கோடுதான். பிளக்கை மாற்றியதால் கோடு போயிற்று. எண்ணெய் வரும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

2023 டிசம்பர் 9, சனி, மாலை 5:20

மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு, தண்ணீரில் நின்ற காரைக் கிளப்பிப் பார்க்கலாமா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் சக்கரத்தின் பாதியோடு நின்றுவிட்டது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் இருப்பவர்கள் அப்படிச் சொல்ல முடியாது.

பானட் உயரம் வரை தண்ணீரில் நின்ற காரைச் சாவி போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள். காற்றைப் பிஸ்டனால் அழுத்த முடியும், தண்ணீரை முடியாது. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் பிஸ்டன் மேலேறும் வழியில் தண்ணீரில் முட்டி நிற்கும்; கனெக்டிங் ராடு வளையும். ஏர் ஃபில்ட்டர் நனைந்திருக்கிறதா, எண்ணெய்க் கம்பியில் பால்போல வெளுத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டியை இழுத்துக் கொண்டுபோவதுதான் சரி. பட்டறையில் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றுவார்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் துளை வழியே வெளியேறும். காப்பீட்டுக்காரர் வந்து பார்ப்பதற்கு முன் நாமே எதையும் கழற்றாமல், நீர் நின்ற அடையாளத்தைப் படம் எடுத்து வைப்பது நல்லது. டீசல் கார் வைத்திருப்பவர் கேட்டதற்கு: டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை, அதில் இருப்பது குளோ பிளக், அதன் வேலை வேறு.

2023 டிசம்பர் 17, ஞாயிறு, இரவு 7:45

மூன்றாவது குழியில் மறுபடியும் கால் தேக்கரண்டி எண்ணெய். இந்த முறை எங்கள் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வயதில் இளையவர், இருபது வருடமாகத் தொழிலில் இருக்கிறார். டேப்பெட் கவரை (எஞ்சினின் உலோக மேல்மூடியை) திறக்கும் வேலையைத் தனியாகச் செய்ய எனக்குத் துணிவில்லை.

“பேக்கிங் வாங்கிட்டேன் தம்பி, மாத்திடலாமா?” என்றேன், அந்த மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பரைக் காட்டி. பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “சுத்து பேக்கிங் மட்டும்தான் சார் இருக்கு. குழிக்குள்ள எண்ணெய் வர்றது இதுல இல்ல, டியூப் சீல்ல. நாலு சீலும் இருக்கற செட்டா வாங்கிட்டு வாங்க, அப்புறம் திறக்கலாம்” என்றார். அவர் அன்றைக்கே திறந்து, கூலி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். என்னைத் திருப்பிக் கடைக்கு அனுப்பினார்.

முழு செட்டோடு வந்து கவரைத் திறந்து பார்த்தபோது அவர் சொன்னது விளங்கியது. பிளக் குழி ஒவ்வொன்றும் டேப்பெட் அறையின் நடுவே இறங்கும் ஒரு குழாய்; அதன் மேல்வாயில் ஒரு ரப்பர் வளையம். மூன்றாவது வளையம் பிளாஸ்டிக்போல இறுகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாமல் விண்டு வந்தது. நான்கையும் மாற்றினார். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று தவணையாக இறுக்கினார். எண்ணெயில் ஊறி உப்பிய காயிலின் ரப்பர் உறையை மட்டும் தனியாக வாங்கி மாற்றினோம். உள்ளே துளி சிலிக்கோன் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கிழியாமல் வரும் என்றார். இந்தக் கிரீஸ் ரப்பருக்குத்தான், மரைக்கு அல்ல.

2024 ஜனவரி 14, ஞாயிறு, போகி, காலை 9:30

பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டுத் தம்முடைய 2006 ஹோண்டா சிட்டிக்குப் பிளக் மாற்றித் தரும்படி கேட்டார். நான்கு வாங்கி வைத்திருந்தார். அந்த ஐ-டிஎஸ்ஐ எஞ்சினுக்குச் சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டுப் பிளக், எட்டுக் காயில். முன்வரிசை நான்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. பின்வரிசைக்குக் கை நுழைவதே பாடு. மேலும் நான்கு வாங்கி வந்து இரண்டு நாளில் முடித்தோம். வாங்கும் முன் எண்ணிக்கையையும் ஸ்பேனர் அளவையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள். 16 மில்லிமீட்டருக்குப் பதில் 14 மில்லிமீட்டர் கேட்கும் பிளக்குகளும் இப்போது நிறைய வந்துவிட்டன.

அவர் காசு வடிவ அளவியால் இரிடியம் முனையை நெம்பி இடைவெளி சரிசெய்யப் போனார்; கையைப் பிடித்துவிட்டேன். இரிடியம் 2,400 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும், ஆனால் நொறுங்கும் தன்மை கொண்டது. மயிரிழைபோல் இருக்கும் அந்த முனை பக்கவாட்டு நெம்பலைத் தாங்காது. கம்பி அளவியை நுழைத்துப் பார்க்கலாம். சரியாக இல்லாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கீழே விழுந்த பிளக்கையும் மாட்டக் கூடாது. பீங்கானின் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அவரிடம் ஒன்று விழுந்தது. அதற்கு மாற்றாக ஒன்பதாவது வாங்கினோம்.

2024 மார்ச் 24, ஞாயிறு, காலை 8:15

பிளக் மாற்றி 3,400 கிலோமீட்டர் ஆகிறது. பழுதுக் குறியீடு எதுவும் வரவில்லை. ஏசி போட்டுக் கிண்டி சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் கை வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

முதல் கேள்விக்கு இப்போது என் பதில்: மேலிருந்து காயில் நேராகத் தெரியும் சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் என்றால் வீட்டிலேயே மாற்றலாம். பிளக்கை அடைய இன்டேக் மேனிஃபோல்டையோ (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) பெட்ரோல் குழாயையோ கழற்ற வேண்டியிருந்தால் வேண்டாம். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் அந்தக் குழாயில் இருக்கும் அழுத்தம் ஆளைக் காயப்படுத்தும் அளவுக்கு மிக அதிகம்.

இன்று காலை மூன்றாவது காயிலை மட்டும் உருவி, குழிக்குள் டார்ச் அடித்து, துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவரை அடிவரை விட்டு எடுத்தேன். துணி காய்ந்தே வந்தது.